கல்லாவுக்குப் பக்கத்தில் ஒரு கம்பியில்லாப் பெட்டி



தராசு வாங்கும்போது முத்திரை பார்த்து வாங்குகிறோம். மூட்டை இறக்கும்போது ஒரு கைப்பிடி அரிசியை எடுத்து உள்ளங்கையில் தேய்த்துப் பார்க்கிறோம். பட்டு நூல் என்றால் சாயம், முறுக்கு, எடை எல்லாம் பார்த்த பிறகே பணம் கொடுக்கிறோம். ஆனால் கடைக்குக் கம்ப்யூட்டரும் அதற்கான நெட்வொர்க் சாமான்களும் வாங்கும்போது மட்டும், "நல்லதா பார்த்துக் குடுங்க தம்பி" என்று சொல்லிவிட்டு வந்துவிடுகிறோம். அந்த ஒரு சரக்கில் மட்டும் நம் வியாபாரக் கண் மூடிக்கொள்கிறது.

அதன் விலையைச் சென்ற தீபாவளிக்கு முன் நாமே கொடுத்தோம். விண்டோஸ் 10-க்கு இலவசப் பாதுகாப்புத் திருத்தங்கள் வழங்குவதை மைக்ரோசாஃப்ட் நிறுவனம் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு நிறுத்தியது. பழைய கம்ப்யூட்டர் விண்டோஸ் 11-ஐ ஏற்காது என்று சொன்னதால் புதிதாக ஒன்று வாங்கினோம். பழைய கம்ப்யூட்டரில் செருகியிருந்த வை-ஃபை குச்சியைக் கழற்றிப் புதியதில் செருகினோம். விளக்குக்கூட எரியவில்லை. அதோடு வந்த சி.டி.யைத் தேடி எடுத்தால், புதிய கம்ப்யூட்டரில் சி.டி. போடும் இடமே இல்லை. குச்சியின் பெட்டியைப் பார்த்தால், விண்டோஸ் 7 வரைதான் எழுதியிருந்தது.

வாசலில் பெங்களூருக்குப் போக வேண்டிய சேலைப் பார்சல் கட்டி நிற்கிறது. 50,000 ரூபாய்க்கு மேற்பட்ட சரக்கு வெளிமாநிலம் போக வேண்டுமானால் இ-வே பில் வேண்டும். கணக்கு முழுவதும் கம்ப்யூட்டரில் இருக்கிறது. கம்ப்யூட்டருக்கோ வெளியுலகத் தொடர்பு இல்லை. பார்சல் ஆபீஸ் மூட அரைமணி நேரம் இருக்கையில், கடையில் வேலை பார்க்கும் பையன் தன் போனை சார்ஜர் வயரால் கம்ப்யூட்டரோடு இணைத்து, "முதலாளி, இப்ப பாருங்க" என்றான். பில் வந்தது. பார்சல் போயிற்று.

சில நூறு ரூபாய்க் குச்சி ஒன்று பெரிய மதிப்புள்ள சரக்கை வாசலில் நிறுத்திவிட்டது. பிறகு விசாரித்துப் பார்த்தோம். குச்சி பழுதாகவில்லை. அதற்குரிய 'டிரைவர்' இல்லை என்றார்கள். டிரைவர் என்றால் என்ன, அதை யார் தருகிறார்கள், ஏன் நிறுத்திவிடுகிறார்கள் என்று தெரிந்துகொண்டதை நம் வணிகர்களோடு பகிர்ந்துகொள்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

பெட்டிக்குள் யார் யார்?

ஆரணிக்காரர்களுக்குத் தறியை வைத்துச் சொன்னால் எளிதில் விளங்கும்.

வை-ஃபை குச்சியோ, ரூட்டரோ, கம்ப்யூட்டருக்குள் இருக்கும் நெட்வொர்க் கார்டோ எதுவானாலும், அதன் உயிர் உள்ளே இருக்கும் ஒரு சிறு சிப். அதுதான் தறி. அந்தச் சிப் எப்படி நடக்க வேண்டும் என்று அதற்குள்ளேயே ஏற்றப்படும் கட்டளைத் தொகுப்பு ஒன்று உண்டு. அதற்கு ஃபர்ம்வேர் என்று பெயர். ஜக்கார்டு பெட்டியில் கோத்துத் தொங்கும் துளையிட்ட அட்டைகளைப் போன்றது அது. அட்டை மாறினால் புட்டா மாறும், தறி அதேதான்.

தறியும் அட்டையும் இருந்தால் மட்டும் சேலை வந்துவிடாது. முதலாளி சொல்வதைப் புரிந்துகொண்டு, அந்தத் தறியின் குணம் அறிந்து, மிதித்து நெய்கிற நெசவாளர் வேண்டும். அவர்தான் டிரைவர். விண்டோஸ் என்பது முதலாளி. "இந்தச் செய்தியை வெளியே அனுப்பு" என்று மட்டும் அதற்குச் சொல்லத் தெரியும். எந்தச் சிப்பில் எந்த இடத்தைத் தட்டினால் செய்தி போகும் என்பது டிரைவர் என்ற மென்பொருளுக்குத்தான் தெரியும். முதலாளி மாறிப் புது முதலாளி வேறு பாஷை பேசினால், பழைய நெசவாளருக்குப் புரிவதில்லை. அவருக்குப் புதுப் பாஷையைக் கற்றுத்தர வேண்டியவர் சிப் செய்த கம்பெனிக்காரர். அவர் கடையைக் கட்டிவிட்டாலோ, "பழைய சரக்குக்கு இனி நாங்கள் பொறுப்பில்லை" என்றாலோ, நல்ல தறி சும்மா கிடக்கும். நமக்கு நடந்தது இதுதான்.

கம்பியில் தொடங்கிய கதை

கம்ப்யூட்டர்களை ஒன்றோடொன்று இணைக்க ஈதர்நெட் என்ற முறையை 1973-இல் அமெரிக்காவில் ஜெராக்ஸ் நிறுவனத்தின் ஆராய்ச்சிக் கூடத்தில் ராபர்ட் மெட்காஃப் என்பவர் உருவாக்கினார். அவரே 1979-இல் 3காம் என்ற கம்பெனியைத் தொடங்கி நெட்வொர்க் கார்டுகளை விற்றார். 1990-களில் பெரிய அலுவலகங்களுக்குப் போனவர்களுக்கு நோவெல் நெட்வொர்க் என்ற பெயர் நினைவிருக்கும். டி.வி. கேபிள் போன்ற கறுப்பு வயர் மேஜைக்கு மேஜை ஓடும். நடுவில் ஒரு இணைப்பு தளர்ந்தால் அந்த வரிசையே நின்றுபோகும்.

அக்காலத்தில் நோவெல் கொண்டுவந்த என்.இ. 2000 என்ற கார்டின் அமைப்பை மற்றவர்களும் அப்படியே பின்பற்றினார்கள். தைவானில் 1987-இல் தொடங்கப்பட்ட ரியல்டெக் போன்ற கம்பெனிகள் அதற்கு ஒத்துப்போகும் சிப்புகளை மலிவு விலையில் செய்து குவித்தன. யார் செய்த கார்டானாலும் ஒரே டிரைவரில் ஓடியதால் வாங்கியவனுக்கு நிம்மதி. எல்லாப் படியும் ஒரே அளவு என்றால் சந்தையில் சண்டை இருக்காது அல்லவா? கம்பி வழி நெட்வொர்க்கில் இன்றும் டிரைவர் தொல்லை குறைவு.

கம்பியில்லாததன் கதை வேறு. வை-ஃபைக்கு அடிப்படையான 802.11 என்ற பொது விதிமுறை 1997-இல் வெளியானது. அதை வகுத்த குழுவுக்குத் தலைமை வகித்தவர் நெதர்லாந்தைச் சேர்ந்த விக் ஹேஸ். நம் கடைகளில் கல்லா மெஷின்களால் பெயர் பெற்ற என்.சி.ஆர். கம்பெனியின் நெதர்லாந்து கிளையில் அவர் பணியாற்றியவர். கல்லா மெஷின்களைக் கம்பியில்லாமல் இணைக்க வேண்டும் என்பதே அந்தக் கிளை இந்தத் துறையில் இறங்கியதற்கு முதல் காரணங்களில் ஒன்று. ஆக, வை-ஃபை என்பது கடைக்காரனின் தேவையிலிருந்தும் பிறந்த பொருள்தான் என்று நாம் பெருமைப்படலாம்.

நம் நாட்டில் வானொலி அலைகளைப் பயன்படுத்த அரசின் உரிமம் வேண்டும். 2005 ஜனவரியில் மத்திய அரசு 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் குறைந்த சக்தியுள்ள கருவிகளுக்கு உரிமம் தேவையில்லை என்று அறிவித்தது. 2018-இல் 5 கிகாஹெர்ட்ஸ் பகுதியிலும் பெரும் பரப்பை இவ்வாறே திறந்துவிட்டது. ரூட்டர் வாங்க இன்று நாம் எந்த ஆபீஸ் வாசலிலும் நிற்க வேண்டாதிருப்பது இவற்றால்தான்.

பெயர் ஒருவருடையது, சரக்கு வேறொருவருடையது

பெட்டியின் மேல் அச்சிட்ட பெயர் ஒன்று. உள்ளே இருக்கும் சிப்பின் பெயர் வேறொன்று. நம் வியாபாரத்தில் ஆலைக்காரர் ஒருவர், பையில் அச்சிடும் பிராண்ட் வேறொருவர் என்று இருப்பதைப் போலத்தான். டி.பி.லிங்க், டி-லிங்க் போன்றவை பையில் அச்சிடும் பெயர்கள் என்றால், ஆலை என்று சொல்லத்தக்கவை ரியல்டெக், மீடியாடெக், குவால்காம், பிராட்காம், இன்டெல் போன்ற சிப் கம்பெனிகள். டிரைவரை எழுத வேண்டியவர்கள் பெரும்பாலும் இந்த இரண்டாம் வகையினர்.

இதில் ஒரு சூட்சுமம் உண்டு. ஒரே பெயர், ஒரே மாடல் எண், ஒரே பெட்டி. ஆனால் இடையில் சிப் மாறிவிடும். டி.பி.லிங்க் கம்பெனியின் டி.எல். டபிள்யூ.என். 722 என் என்ற வை-ஃபை குச்சி உலகெங்கும் விற்றது. முதல் பதிப்பில் ஏத்தெரோஸ் சிப். இரண்டாம் பதிப்பு முதல் ரியல்டெக் சிப். முதல் பதிப்புக்கான டிரைவர் இரண்டாம் பதிப்புக்கு ஆகாது. வித்தியாசம் தெரிவதெல்லாம் பின்புற லேபிளில் மிகச் சிறிய எழுத்தில் இருக்கும் பதிப்பு எண்ணில்தான். நல்லதென்று ஒருவர் சொன்ன மாடலை நாம் போய் வாங்கி ஏமாறுவது இப்படித்தான்.

கம்பெனிகளும் கைமாறிக்கொண்டே இருக்கின்றன. ஏத்தெரோஸ் 1998-இல் தொடங்கி 2011-இல் குவால்காமுக்குப் போயிற்று. ரேலிங்க் அதே 2011-இல் மீடியாடெக்கோடு சேர்ந்தது. 3காமை 2010-இல் எச்.பி. வாங்கியது. பிராட்காமை 2016-இல் அவாகோ வாங்கி, தன் பெயரையே பிராட்காம் என்று மாற்றிக்கொண்டது. மார்வெல் தன் வை-ஃபை வியாபாரத்தை 2019-இல் என்.எக்ஸ்.பி.க்கு விற்றது. ரூட்டருக்குப் பேர்போன லிங்க்ஸிஸ் 2003-இல் சிஸ்கோவுக்கும், 2013-இல் பெல்கினுக்கும் கைமாறியது. பெல்கினையே 2018-இல் ஃபாக்ஸ்கான் குழுமம் வாங்கியது.

கடை கைமாறும்போது பழைய பாக்கி வாடிக்கையாளரை யார் கவனிப்பார்கள் என்பது நமக்குத் தெரியாததா? புது முதலாளிக்குப் புதுச் சரக்கை விற்பதில்தான் ஆர்வம். பழைய சிப்புக்குப் புது விண்டோஸுக்கான டிரைவர் எழுதினால் அவருக்கு ஒரு ரூபாய் லாபம் இல்லை. ஆகவே அது நின்றுவிடுகிறது. இதில் சூழ்ச்சி என்று எதுவும் தேட வேண்டியதில்லை. வாங்கும்போதே கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டிய செலவு இது என்பதே நாம் சொல்ல வருவது.

டிரைவர் யாருடைய சொத்து?

டிரைவரின் மூல நிரலை வெளியிடாமல் கம்பெனியே வைத்துக்கொண்டால், அதைத் திருத்த வேறு யாராலும் முடியாது. வெளியிட்டுவிட்டால், கம்பெனி கைவிட்டாலும் உலகில் யாராவது எடுத்துப் பராமரிப்பார்கள். லினக்ஸ் என்ற பொதுச்சொத்து மென்பொருளை ஆதரிப்பவர்கள் பல ஆண்டுகள் இதைக் கேட்டுப் போராடினார்கள்.

2003-இல் ஒரு திருப்பம் வந்தது. லிங்க்ஸிஸின் டபிள்யூ.ஆர்.டி. 54 ஜி என்ற ரூட்டருக்குள் இருப்பது லினக்ஸ் என்று கண்டுபிடித்தார்கள். லினக்ஸைத் தன் பொருளில் வைத்து விற்கிறவர் அதில் செய்த மாற்றங்களைப் பொதுவில் தர வேண்டும் என்பது அதன் உரிம நிபந்தனை. நெருக்கடிக்குப் பின் கம்பெனி நிரலை வெளியிட்டது. அதிலிருந்து ஓபன் டபிள்யூ.ஆர்.டி. என்ற திட்டம் 2004-இல் பிறந்தது. கம்பெனிகள் கைவிட்ட ரூட்டர்கள் பலவற்றுக்கு இன்றும் புது ஃபர்ம்வேர் தருவது இந்தத் தொண்டர்கள்தான். ஏத்தெரோஸ் 2008-இல் தன் புதிய சிப்புகளுக்கான லினக்ஸ் டிரைவரைத் தானே பொதுவில் வெளியிட்டது. நெடுநாள் மறுத்துவந்த பிராட்காம் 2010-இல் தன் சிப்புகள் சிலவற்றுக்கு அவ்வாறு செய்தது.

இது இன்ஜினீயர்களின் சண்டை, நமக்கென்ன என்று தோன்றலாம். அப்படியல்ல என்பதற்கு நம் தமிழ்நாட்டிலேயே சாட்சி இருக்கிறது.

சென்னையிலும் தேனியிலும் நடந்தது

1990-களில் ஒரு டெலிபோன் இணைப்புக்கு நாம் எத்தனை ஆண்டு காத்திருந்தோம் என்பதைப் பெரியவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். வீட்டுக்கு வீடு பூமிக்கடியில் செம்புக் கம்பி இழுப்பதே பெருஞ்செலவு. அந்தச் செலவைக் குறைக்கச் சென்னை ஐ.ஐ.டி.யில் பேராசிரியர் அசோக் ஜுன்ஜுன்வாலாவும் அவரது குழுவினரும் முனைந்தார்கள். ஐ.ஐ.டி.யில் படித்தவர்கள் தொடங்கிய மைடாஸ் என்ற சென்னைக் கம்பெனியும், அமெரிக்காவின் அனலாக் டிவைசஸ் என்ற சிப் கம்பெனியும் சேர்ந்துகொண்டன. அவர்கள் செய்தது கார்டெக்ட் என்ற கம்பியில்லா முறை. கோபுரத்திலிருந்து சுமார் 10 கிலோமீட்டர் தூரத்திலுள்ள வீட்டுக்கும் டெலிபோன் தரும். அதே நேரத்தில் நொடிக்கு 35 அல்லது 70 கிலோபிட் வேகத்தில் இன்டர்நெட்டும் தரும். இந்த முறையைக் கொண்டு மதுரை மாவட்டம் மேலூர் வட்டாரக் கிராமங்களில் இன்டர்நெட் மையங்கள் நடந்தன. வெளிநாடுகளுக்கும் ஏற்றுமதியானது. பின்னர் செல்போன் அலை எல்லாவற்றையும் அடித்துக்கொண்டு போய்விட்டது. ஆனாலும் கருவியை இங்கேயே வடிவமைக்க முடியும் என்று காட்டிய பெருமை அதற்கு உண்டு.

தேனியில் நடந்தது நம் பொருளுக்கு இன்னும் நெருக்கமானது. அரவிந்த் கண் மருத்துவமனை 2000-களின் நடுவில் தேனியைச் சுற்றியுள்ள ஊர்களில் சிறு கண் பரிசோதனை மையங்களைத் திறந்தது. அங்கே செவிலியர் இருப்பார். டாக்டர் தேனியில் இருந்தபடியே திரையில் நோயாளியைப் பார்த்துப் பேசுவார். இடையில் பல கிலோமீட்டர் தூரம். கேபிள் இல்லை. கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் எரிக் புரூவர் என்ற பேராசிரியரின் குழு, சந்தையில் கிடைக்கும் மலிவான வை-ஃபை கார்டுகளையே கோபுரத்து ஆண்டெனாவோடு இணைத்துப் பார்த்தது. தொடர்பு கிடைத்தது; ஆனால் வேகம் இல்லை.

காரணம் சுவையானது. வை-ஃபை ஒரு வீட்டுக்குள், நூறு மீட்டருக்குள் பேசுவதற்கு என்று செய்யப்பட்டது. ஒரு பொட்டலம் செய்தி அனுப்பினால் மறுமுனை உடனே 'வந்து சேர்ந்தது' என்று ரசீது அனுப்ப வேண்டும். ரசீது வந்த பிறகே அடுத்த பொட்டலம். தூரம் கூடினால் ரசீது வரத் தாமதமாகிறது. 'காணாமல் போய்விட்டது போலும்' என்று நினைத்து அனுப்பியவர் அதையே மறுபடி அனுப்புகிறார். ஒவ்வொரு மூட்டைக்கும் லாரிக்காரர் கடைக்குள் வந்து கையெழுத்து வாங்கிப்போய்த்தான் அடுத்த மூட்டையை இறக்குவேன் என்றால் லோடு என்றைக்கு இறங்கும்?

அக்குழுவினர் ஒரு முழு லோடுக்கும் சேர்த்து ஒரே ரசீது என்று முறையை மாற்றினார்கள். இரு முனைகளும் ஒரே நேரத்தில் பேசிக் குழப்பாதபடி, 'இந்த நேரம் உன்னுடையது, அடுத்த நேரம் என்னுடையது' என்று பங்கு பிரித்தார்கள். சாதாரண வை-ஃபையைவிட இரண்டு முதல் ஐந்து மடங்கு வரை வேகம் கிடைத்ததாக 2007-இல் அவர்கள் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார்கள். இதற்காகப் புதுச் சிப் எதையும் அவர்கள் செய்யவில்லை. கார்டில் இருந்தது அதே ஏத்தெரோஸ் சிப். அதற்குத் திருத்தக்கூடிய டிரைவர் கையில் இருந்ததால், டிரைவரை மாற்றி எழுதினார்கள். வேறு கம்பெனியின் பூட்டிய டிரைவராக இருந்தால் இந்த வழி அடைபட்டிருக்கும். கிராமத்து மூதாட்டி ஊரைவிட்டுப் போகாமல் கண் டாக்டரிடம் பேசியதற்குப் பின்னால் டிரைவர் என்ற இந்தச் சங்கதி இருந்திருக்கிறது.

அதே குழு அடுத்த ஆண்டு இன்னொரு உண்மையையும் எழுதியது. நெட்வொர்க் நின்றுபோனதற்கு வானொலி அலையைவிடப் பெரிய காரணம் மின்சாரம். வோல்டேஜ் ஏறியும் இறங்கியும் கருவிகளைக் கெடுத்தது. பேட்டரி அடிவரை இறங்கித் திணறும்போது ரூட்டர் பாதியில் தொங்கி நின்றது. அதற்குக் காப்பு செய்த பிறகே நிலைமை சீரானது. இந்தப் பாடம் தேனிக்கு மட்டுமல்ல, ஆரணிக்கும் பொருந்தும்.

நம் கடைக்கு ஆக வேண்டியவை

இவ்வளவும் தெரிந்துகொண்ட பிறகு நாம் கடைப்பிடிக்கத் தொடங்கியவற்றை வரிசையாகத் தருகிறோம்.

1. பில் போடும் கம்ப்யூட்டரைக் கம்பியிலேயே வையுங்கள். ரூட்டரிலிருந்து 'கேட் 6' கேபிள் ஒன்றை இழுத்துச் செருகினால் போதும். 100 மீட்டர் வரை தாராளமாகப் போகும். கம்பி வழிக்கு டிரைவர் தொல்லை குறைவு. பக்கத்துக் கடை அலையும் குறுக்கிடாது. போனுக்கும், எடுத்துச் செல்லும் மெஷின்களுக்கும் மட்டும் வை-ஃபை இருக்கட்டும்.

2. வை-ஃபை குச்சி வாங்கியே ஆக வேண்டுமென்றால், மாடல் எண்ணோடு பதிப்பு எண்ணையும் பாருங்கள். நம் கம்ப்யூட்டரில் உள்ள விண்டோஸின் பெயர் பெட்டியில் அச்சிட்டிருக்கிறதா என்று கேளுங்கள். கடையிலேயே ஒருமுறை செருகிக் காட்டச் சொல்லுங்கள். தராசைத் தட்டிப் பார்ப்பதற்கு வெட்கப்படுகிறோமா என்ன?

3. டிரைவரைச் சி.டி.யை நம்பி விட்டுவிடாமல், கம்பெனியின் சொந்த இணையதளத்திலிருந்து இறக்கி ஒரு பென்டிரைவில் போட்டுப் பில்லோடு சேர்த்து வையுங்கள். கண்ட தளங்களில் 'இலவச டிரைவர்' என்று வருவதைத் தொடாதீர்கள். திருட்டு மென்பொருள் நுழையும் கொல்லைப்புற வாசல்களில் அதுவும் ஒன்று.

4. ரூட்டர் வாங்கும்போது, அந்த மாடலுக்குக் கடைசியாக எப்போது ஃபர்ம்வேர் திருத்தம் வந்தது என்று கம்பெனித் தளத்தில் பார்க்கச் சொல்லுங்கள். பல ஆண்டுகளாக எதுவும் வரவில்லை என்றால், அது விலை குறைத்துத் தள்ளும் பழைய ஸ்டாக். வேகத்தை அறிய இப்போது எளிய எண் உண்டு: வை-ஃபை 4 என்பது 2009-இன் முறை; வை-ஃபை 5 அதற்கடுத்தது; வை-ஃபை 6 அதற்கும் பிந்தியது. மளிகைக் கடைக்கு 5 போதும். புதிதாக வாங்குவோர் 6 வாங்கினால் நீண்ட நாள் ஓடும்.

5. ரூட்டரை இரும்புப் பீரோவின் பின்னாலும், அரிசி மூட்டை அடுக்கின் அடியிலும் வைக்காதீர்கள். இரும்பு அலையைத் தடுக்கும்; ஈரப்பதமுள்ள சரக்கு அலையை விழுங்கும். தலைக்கு மேல் உயரத்தில், கடையின் நடுவில் வையுங்கள். 2.4 அலை சுவரைத் தாண்டித் தூரம் போகும். 5 அலை வேகமானது, ஆனால் சுவரில் சோர்ந்துவிடும். குடோனுக்கு 2.4, கவுன்ட்டருக்கு 5 என்று வைத்துக்கொள்ளலாம்.

6. ரூட்டருக்கென்று தனியாக ஒரு சிறு யு.பி.எஸ். வாங்குங்கள். கம்ப்யூட்டருக்கு யு.பி.எஸ். வைத்துவிட்டு ரூட்டரை நேராகச் சுவரில் செருகியிருக்கும் கடைகள் ஏராளம். கரண்ட் போனால் கம்ப்யூட்டர் விழித்திருக்கும், தொடர்பு போயிருக்கும். எர்த் சரியாக இருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனை வைத்து ஆண்டுக்கொரு முறை பாருங்கள். இடி மின்னல் சமயத்தில் வெளியிலிருந்து வரும் செம்புக் கேபிளையும் கழற்றிவிடுங்கள்.

7. மாற்று வழி ஒன்று எப்போதும் கையில் இருக்கட்டும். போனை வயரால் கம்ப்யூட்டரோடு இணைத்து நெட் எடுப்பது எப்படி என்று கடையில் இருவருக்காவது தெரிந்திருக்க வேண்டும். இதற்குப் பெரும்பாலும் தனி டிரைவர் தேட வேண்டியதில்லை. அவசரத்தின்போது கற்றுக்கொள்ளாமல், ஓய்வான ஒரு மத்தியானத்தில் செய்து பாருங்கள்.

பூட்டு இல்லாத கடை

இரவு ஷட்டரை இறக்கி, பூட்டை இருமுறை இழுத்துப் பார்த்துவிட்டுப் போகிறோம். ஆனால் ரூட்டரின் பாஸ்வேர்டு 'அட்மின்' என்றே கம்பெனி வைத்தபடி இருக்கிறது. 2016-இல் மிராய் என்ற நச்சு மென்பொருள், இப்படிக் கம்பெனி வைத்த பாஸ்வேர்டை மாற்றாத கேமராக்களையும் ரூட்டர்களையும் லட்சக்கணக்கில் பிடித்துத் தன் வேலையாளாக்கிக்கொண்டது. 2018-இல் வி.பி.என். ஃபில்டர் என்ற இன்னொன்று 54 நாடுகளில் குறைந்தது ஐந்து லட்சம் கருவிகளில் புகுந்தது. அவற்றில் பெரும்பாலானவை நம்மைப் போன்ற சிறு அலுவலகங்களும் வீடுகளும் வைத்திருக்கும் ரூட்டர்கள்.

2017-இல் வை-ஃபையின் பூட்டிலேயே ஒரு ஓட்டை இருப்பதை பெல்ஜியத்து ஆய்வாளர் மேத்தி வான்ஹோஃப் வெளிப்படுத்தினார். அதை அடைத்தவை டிரைவர் திருத்தங்களும் ஃபர்ம்வேர் திருத்தங்களுந்தான். திருத்தம் வராத பழைய கருவிகளில் அந்த ஓட்டை அப்படியே இருக்கும். டிரைவர் என்பது கருவி ஓடுவதற்கு மட்டுமல்ல, பூட்டு பூட்டாக இருப்பதற்கும் வேண்டும் என்பதை இங்கே கவனிக்க வேண்டும்.

ஆகவே இரண்டு பாஸ்வேர்டுகளையும், அதாவது வை-ஃபைக்கு உள்ளதையும் ரூட்டரின் உள்ளே நுழைவதற்கு உள்ளதையும், இன்றே மாற்றுங்கள். கேமரா பெட்டிக்கும் அவ்வாறே செய்யுங்கள். பூட்டின் வகையில் டபிள்யூ.பி.ஏ. 2 அல்லது 3 என்று இருக்கட்டும். சேலை எடுக்க வந்த வாடிக்கையாளர் வை-ஃபை கேட்டால் மறுப்பது மரியாதையல்ல. அதற்கென 'கெஸ்ட்' என்ற தனி வழி ரூட்டரிலேயே உண்டு. கணக்குக் கம்ப்யூட்டர் இருக்கும் வழியை யாருக்கும் தராதீர்கள். விருந்தினரை முன்கூடத்தில் உட்கார வைக்கிறோம்; கல்லா அறைக்குள் விடுவதில்லை.

புதிய வாய்ப்பு ஒன்று

மஞ்சள் போர்டு போட்ட எஸ்.டி.டி. பூத்துகளைக் கடையின் ஒரு மூலையில் வைத்துச் சம்பாதித்தவர்கள் நம்மில் உண்டு. 2020 டிசம்பரில் மத்திய அமைச்சரவை பி.எம். வாணி என்ற திட்டத்துக்கு ஒப்புதல் தந்தது. சிறு கடைக்காரரும் பொது வை-ஃபை மையம் வைக்கலாம். அவருக்கு உரிமமோ பதிவுக் கட்டணமோ இல்லை என்பது அதன் சாரம். கடைக்காரர், அரசிடம் பதிவு செய்த தொகுப்பு நிறுவனம் ஒன்றோடு இணைந்துகொள்ள வேண்டும். வாடிக்கையாளரை அடையாளம் சரிபார்க்கும் பொறுப்பு அந்த ஏற்பாட்டுக்குள் வந்துவிடுகிறது. லாபக் கணக்கை இடத்துக்கு இடம் போட்டுப் பார்த்தே இறங்க வேண்டும். பஸ் நிலையத்தருகில் ஓடுவது உள்தெருவில் ஓடாது.

முடிவாக ஒன்று. நாம் விற்கும் சரக்கின் பூர்வீகம் நமக்குத் தெரியும். எந்த ஊர் நெல், எந்த ஆலை அரைப்பு, எந்தத் தறிச் சேலை என்று கேட்டால் கண்ணை மூடிக்கொண்டு சொல்வோம். அதே கேள்வியை நாம் வாங்கும் பெட்டியைப் பார்த்தும் கேட்கப் பழக வேண்டும். உள்ளே யாருடைய சிப்? டிரைவர் யார் தருவார்? எத்தனை ஆண்டு தருவார்? பெரிய முதலாளிகளுக்கு இதைக் கவனிக்கத் தனி ஆள் உண்டு. நமக்கு நாமேதான் ஆள். ஒரு கடையில் பட்ட கஷ்டத்தை இன்னொரு கடை படாமல் இருக்கச் சொல்லிக்கொள்வதற்காகத்தானே சங்கம் என்று கூடியிருக்கிறோம்? உங்கள் கடையில் எந்த மாடல் நன்றாக ஓடுகிறது, எது காலை வாரியது என்று அடுத்த கூட்டத்தில் பகிர்ந்துகொள்ளுமாறு கேட்டுக்கொள்கிறோம்.

வணிகர் ஒற்றுமை ஓங்குக!